எண்ணினால் ஒன்று குறைகிறது

மார்ச் 4, செவ்வாய்

காலை முழுக்க மருந்தகத்தில் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணுவதுதானே என் பிழைப்பு. மாத்திரைகளைத் தட்டில் கொட்ட வேண்டியது, ஐந்தைந்தாகத் தள்ள வேண்டியது, உறையில் போட்டு சீட்டை ஒட்ட வேண்டியது. இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட ‘ஒன்று குறைகிறது’ என்று என் கவுண்டருக்குத் திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிரோடுதான் மதியத்துக்கு மேல் விடுப்பு சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டரின் பள்ளிக்குப் போனேன்.

இன்ஸ்பெக்டர் என்பது அவளுக்கு அவள் அப்பா வைத்த பெயர். ஐந்து வயது. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். முதல் மனைவி இறந்தபோது இவள் கைக்குழந்தை. பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காத நாளெல்லாம் வேலை நடக்கும் இடத்துக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவாராம். டூல்ஸ் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் மேற்பார்வை பார்த்ததால் இன்ஸ்பெக்டர். நான் இந்த வீட்டுக்கு வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை.

டீச்சர் நல்ல மாதிரி. சுற்றி வளைக்காமல் பேசினார். “நம்பர் பாட்டெல்லாம் அழகா சொல்றா. ஆனா எதையாவது வெச்சு எண்ணச் சொன்னா தப்பாவே வருது.” என் கண் முன்னாலேயே ஆறு கிரேயானை மேஜையில் வைத்தார். இவள் வாயே திறக்காமல் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு, “அஞ்சு.”

“வீட்டுல உக்கார வெச்சு கொஞ்சம் பழக்குங்க. ஏப்ரல் கடைசியில மறுபடியும் பார்க்கறேன். அப்பவும் இப்படியே இருந்தா, ஒண்ணாவதுக்கு அனுப்பாம இன்னொரு வருஷம் இங்கேயே வெச்சுக்கலாம். அவளுக்கும் அதான் நல்லது.”

அப்புறம் குழந்தை முகம் வாடியதைப் பார்த்து, பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டார். “உங்க வீட்டுல எத்தனை பேரும்மா இருக்கீங்க?”

அவள் தரையைப் பார்த்து யோசித்தாள். “ரெண்டு பேர்.”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த மீன் படத்தைப் பார்த்தேன்.

மார்ச் 5, புதன்

பள்ளியில் நடந்ததை என் கணவரிடம் சொன்னேன். ‘ரெண்டு பேர்’ என்றதை மட்டும் சொல்லவில்லை.

மார்ச் 6, வியாழன்

“நல்ல பிள்ளை கிடைச்சிருக்கு, குடுத்து வெச்சவ நீ” என்கிறார் சீனியர். சீனியர் என்றால் மருந்தகத்தில் எனக்கு மேலே இருக்கும் அம்மா. வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். போன வாரம் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தவர், இன்ஸ்பெக்டர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததைப் பார்த்து உருகிப் போய்விட்டார்.

உண்மைதான். என்னிடம் அவள் எதற்கும் அடம் பிடித்ததில்லை. இது வேண்டுமா என்றால், “பரவாயில்ல.” அது பிடிக்கவில்லையா என்றால், “பரவாயில்ல.” ஐந்து வயசுப் பிள்ளை பேசுகிற பேச்சா இது? அப்பா வந்ததும் வேறு பிறவி எடுத்துவிடுகிறாள். தோளில் ஏறுகிறாள், காதைக் கடிக்கிறாள், சாக்ஸை ஒளித்து வைத்துவிட்டுக் கூத்தடிக்கிறாள். நான் உள்ளே நுழைந்தால் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்துவிடுகிறாள்.

எனக்கு நல்ல பிள்ளை வேண்டாம். வீட்டுக்கு வருகிற விருந்தாளியிடம்தான் பிள்ளைகள் இப்படி இருப்பார்கள். என்னோடு ஒரு நாள் சண்டை போட்டாளானால் சீனியருக்கு நான் விருந்தே வைப்பேன். இதை யாரிடம் சொன்னாலும் பைத்தியம் என்பார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 8, சனி

முதல் பாடம். தையல் பெட்டியிலிருந்த பழைய பொத்தான்களை எல்லாம் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

இரண்டு வைத்தால் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிறாள். எண்ண வேண்டியதே இல்லை. ஐந்து வைத்தேன். கண் மட்டும் ஒவ்வொன்றாக நகர்ந்தது. “நாலு.”

“வாய்விட்டு எண்ணும்மா.”

பொத்தானை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து, ஒன்றிலிருந்து இருபது வரை பள்ளிப் பாட்டைப் பாடி முடித்தாள். ராகம், கைத்தட்டல் எல்லாம் சேர்த்து. பாட்டு ஒரு பக்கம், பொத்தான் ஒரு பக்கம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

சரி, நான் சொல்கிறேன், நீ தொடு என்றேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அழகாக வந்தது. எத்தனை? “அஞ்சு.” எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இப்போ நீயே எண்ணு என்று ஏழு பொத்தானை வைத்தேன். வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். “ஆறு.”

மறுபடி. மறுபடி. என்னோடு சேர்ந்து எண்ணினால் சரி, தனியாக விட்டால் ஒன்று போய்விடுகிறது. கடைசியில் குரலை உயர்த்திவிட்டேன். “எங்க பாக்கற? ஒண்ண விட்டுட்டுப் போறியே, கண்ணு எங்க இருக்கு?”

“சாரி” என்றாள்.

அழுதிருக்கக் கூடாதா? பொத்தானைத் தூக்கி என் மேல் எறிந்திருக்கக் கூடாதா?

மார்ச் 9, ஞாயிறு

இன்றைக்குத் திராட்சை. எண்ணிவிட்டுச் சாப்பிடலாம் என்று ஆசை காட்டினேன். எட்டு இருந்தது, ஏழு என்றாள். நான் வாய்விட்டு ஏழு எண்ணிக் கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு, தட்டில் மிஞ்சிய ஒன்றை ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு அதை எனக்குக் கொடுத்துவிட்டாள். மரியாதை!

மார்ச் 12, புதன்

அவரிடம் புலம்பினேன். “விடு, தானா வந்துடும். நானே படிப்புல சுமார்தான்” என்று சிரித்தார். அவருக்கு எல்லாமே தானாக வந்துவிடும். கதவு மாட்டிக்கொண்டால் மட்டும் ஸ்பேனரோடு ஓடுவார்.

மார்ச் 15, சனி

எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மதியச் சாப்பாட்டுக்கு மூன்று பேரும் இருந்தோம். பாடம் என்று உட்கார வைத்தால்தானே பயப்படுகிறாள், வீட்டு வேலையோடு வேலையாகப் பழக்கலாம் என்று, “மூணு ஸ்பூன் கொண்டு வா” என்றேன். டிராயரைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். கொண்டுவந்தாள். அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. கையில் இன்னும் ஒன்று. அதை, யாரும் உட்காராத நாலாவது நாற்காலிக்கு முன்னால் பத்திரமாக வைத்தாள்.

அந்த நாற்காலிக்குப் பின்னால்தான் அலமாரி. அலமாரியில் அவள் அம்மாவின் போட்டோ.

அவர் கவனிக்கவே இல்லை. சாம்பாருக்கு உப்பு போதவில்லை என்றோ என்னவோ சொன்னார். சாப்பிட்டு முடித்ததும், யாரும் தொடாத அந்த ஸ்பூனையும் சேர்த்துக் கழுவி வைத்தேன்.

வீட்டுல இருக்கறவங்களை எண்ணச் சொன்னா ஆள் குறையுது. இல்லாதவங்களுக்கு ஸ்பூன் வருது. இப்ப நான் யார் மேல கோவிச்சுக்கணும்? போய்ச் சேர்ந்த அந்தப் பொண்ணு மேலயா? அஞ்சு வயசுக் குழந்தை மேலயா? சீ. எனக்கே என்னைப் பிடிக்கல.

மார்ச் 16, ஞாயிறு

அடக்கிக்கொள்ள முடியவில்லை. டீச்சர் கேட்டதையும் அவள் சொன்ன பதிலையும் அவரிடம் போட்டு உடைத்துவிட்டேன். ஸ்பூன் விஷயத்தையும்.

“குழந்தை ஏதோ உளறியிருக்கும்” என்றார்.

“குழந்தைங்க உளறாது. பெரியவங்கதான் உளறுவாங்க.”

அப்புறம் எழுந்தார். “நான் அவகிட்ட கேக்கட்டுமா?”

“வேண்டாம். கேட்டு வாங்கற இடம் எனக்கு வேண்டாம்.”

பெரிய வசனம். பேசி முடித்ததும் குளியலறைக்குள் போய் முகம் கழுவினேன். வெளியே வந்தால் அவர் என் செருப்பின் அறுந்த வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்த விதம் அதுதான்.

மார்ச் 19, புதன்

பாடம் நடத்தவில்லை. மூன்று நாலு நாளாகவே நடத்தவில்லை. இன்றைக்கு அவளே பொத்தான் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். “இன்னிக்கும் இல்லையா?”

“எனக்கு அலுப்பா இருக்கும்மா.”

“பரவாயில்ல.” பெட்டியைச் சத்தம் வராமல் அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மார்ச் 25, செவ்வாய்

களிம்பு கலக்கும் அறையில் இன்று ஒரு ரகளை. நிறுத்த பொடியெல்லாம் தப்பு. ஒவ்வொரு பொட்டலமும் கொஞ்சம் கூடுதல். கை நடுங்கியதா, கவனம் இல்லையா என்று நான் என்னையே திட்டிக்கொண்டு மறுபடி மறுபடி நிறுத்தேன். சீனியர் வந்து பார்த்தார். தட்டில் இருந்த பொட்டலத்தை எடுத்துவிட்டு, வெறும் தட்டைக் காட்டினார். எதுவும் வைக்காமலேயே தராசு ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டு நின்றது.

“எல்லாம் ஒரே அளவு தப்பினா கை மேல தப்பில்லடி. ஆரம்பிச்ச இடம் தப்பு” என்று பூஜ்யத்துக்கு அமுக்கிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் வரும்போதுதான் பொறி தட்டியது. ஆறுக்கு ஐந்து. ஐந்துக்கு நாலு. எட்டுக்கு ஏழு. கவனம் இல்லாத குழந்தையாக இருந்தால் ஒரு நேரம் இரண்டு குறையும், ஒரு நேரம் ஒன்று கூடும். இவள் ஒருநாளும் இரண்டு குறைத்ததில்லை. எப்போதும் ஒன்று. ஒன்றே ஒன்று.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, துணி உலர்த்தும் சாக்கில், “நாலு கிளிப் கொண்டு வா” என்றேன். ஐந்து வந்தது. “ஆறு கொண்டு வா.” ஏழு வந்தது.

சொல்லும்போது ஒன்று குறைவு, கொண்டுவரும்போது ஒன்று அதிகம். ஆக, இவள் கவனக்குறைவான பிள்ளையே இல்லை. என்னைவிட ஒழுங்காகத் தப்பு செய்கிறாள். ஏன் என்றுதான் விளங்கவில்லை. எண்ணும்போது வாயைத் திறந்தாளானால் பிடித்துவிடுவேன். திறக்க மாட்டேன் என்கிறாளே.

மூன்று ஸ்பூனுக்கு நாலு வந்ததும் இதே கணக்கில்தானோ? வேண்டாம். இப்போதே ஆசைப்பட வேண்டாம்.

மார்ச் 30, ஞாயிறு

எங்கிருந்து ஆரம்பிப்பது? கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

காலையில் அவருக்கு அவசரமாக அழைப்பு. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கதவு சரியாக மூடவில்லையாம். “ரெண்டு பேரும் வாங்களேன். வேலை முடிஞ்சதும் அப்படியே பார்க்குக்குப் போயிட்டு வரலாம்” என்றார். நான் அவர் வேலை செய்து பார்த்ததே இல்லை. போனோம்.

அவர் ஏதோ முறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி மூடினார். “இப்ப இன்ஸ்பெக்டர் செக் பண்ணுவாங்க” என்று எங்களை உள்ளே ஏற்றி, ஒவ்வொரு மாடியாக நிறுத்திக்கொண்டே போனார். இன்ஸ்பெக்டர் பொத்தான் பலகைக்குக் கீழே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் அப்படி ஒரு பொறுப்பு. கதவு திறக்கும்போதெல்லாம் அவள் உதடு லேசாக அசைந்தது, சத்தம் இல்லை. வழியில் ஒருவர் ஏறினார். அவர் இறங்கும் வரை உதடும் அசையவில்லை.

“ஆளுங்க இருக்கறப்ப சத்தம் போடக் கூடாதுன்னு சின்னதுலயே சொல்லி வெச்சுட்டேன். அவங்களுக்குத் தொந்தரவு இல்லையா? மனசுக்குள்ளயே எண்ணிப்பா” என்றார் இவர், பெருமையாக.

அப்போதே என் காது விடைத்துக்கொண்டது.

உச்சி மாடியில் நின்றதும் கேட்டார். “இன்ஸ்பெக்டர், ரிப்போர்ட்!”

கணீர் என்று வந்தது பதில். இந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதே இல்லை. “பூஜ்யம் நல்லா திறந்துச்சு. ஒண்ணு நல்லா திறந்துச்சு. ரெண்டு நல்லா திறந்துச்சு. மூணுல மட்டும் இடிக்குது. நாலு, அஞ்சு, ஆறு ஓகே.”

“மொத்தம்?”

“ஆறு!”

“சபாஷ்!”

நான் பலகையைப் பார்த்தேன். கீழே பூஜ்யம், மேலே ஆறு. விரலை வைத்து எண்ணினேன். பொத்தான்கள் ஏழு.

பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. இவள் எண்ணக் கற்றுக்கொண்டது வீட்டிலும் இல்லை, பள்ளியிலும் இல்லை. லிஃப்டில். கண்ணில் படுகிற முதல் பொருள் தரைத்தளம். அதற்குப் பெயர் பூஜ்யம். அதற்கு மேலேதான் ஒன்று. மாடிக்கு அது சரி. கிரேயானுக்கும் பொத்தானுக்கும் திராட்சைக்கும் அது ஒன்று குறைகிறது. பள்ளிப் பாட்டு ஒன்றில் ஆரம்பிப்பதால் அது அவளுக்கு வெறும் பாட்டு. எண்ணுவது என்பது அப்பாவோடு மனசுக்குள் செய்கிற வேலை.

பார்க்கில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஏழு பொத்தானை வரிசையாக வைத்தேன். “இதுல எது பூஜ்யம்?”

இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டு முதல் பொத்தானைத் தொட்டாள். “இதுதான்.”

கேட்டு வாங்குகிற இடம் வேண்டாம் என்றவள் நான்தான். ஆனாலும் கேட்டேன். “நம்ம வீட்டுல இருக்கறவங்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக் காட்டேன். சத்தமா, லிஃப்ட்ல சொன்ன மாதிரி.”

சோபாவில் சாய்ந்திருந்த அப்பாவின் முழங்காலைத் தொட்டாள். “பூஜ்யம்.” இரண்டு எட்டு வைத்து வந்து என் கையைத் தொட்டாள். “ஒண்ணு.” தன் நெஞ்சில் கை வைத்தாள். “ரெண்டு. ரெண்டு பேர்.”

“நான் பூஜ்யமா?” என்றார் அவர். “சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கா!”

“அன்னைக்கு நாலாவது ஸ்பூனை அந்த நாற்காலிகிட்ட ஏன் வெச்சே?” என்றும் கேட்டுவிட்டேன்.

யோசித்தாள். அவளுக்கு நினைவே இல்லை போலிருந்தது. “மிச்சம் வந்துச்சு” என்றாள். “அங்கதான் இடம் இருந்துச்சு.”

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். முதல் நாளிலிருந்தே எண்ணியிருக்கிறாள் என்னை. நான்தான் தப்பாக எண்ணிக்கொண்டு இத்தனை நாள் வெந்திருக்கிறேன். இறந்துபோனவளிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். அசடு என்றால் என்னைப்போல் அசடு உண்டா?

ஏப்ரல் 1, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டால் போதுமா, மாற்ற வேண்டாமா? “முதல் பொத்தான் பூஜ்யம் இல்லடா, ஒண்ணு” என்று சாதாரணமாகத்தான் சொன்னேன். முகம் அப்படியே மாறிவிட்டது.

“அப்பா சொன்னது தப்பா?”

அவள் பெட்டியை மூடிவிட்டாள். வேகமாக. ‘பரவாயில்ல’ கூட வரவில்லை. எண் என்றால் அவளுக்கு அவள் அப்பா. ஆளில்லாத நாட்களில் ஒரு குழந்தையும் ஒரு மனிதரும் மேலும் கீழும் போய் வந்து சேர்த்து வைத்தது. அதில் கை வைக்க நான் யார்?

ஏப்ரல் 2, புதன்

அவரையே கூப்பிட்டேன். “நீங்க போட்ட முடிச்சு, நீங்களே வந்து அவிழுங்க.”

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். நடுவில் ஒரு வெறும் கிண்ணம். அவர் பெரிய ஆசிரியர் மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “இன்ஸ்பெக்டர், லிஃப்ட் பூஜ்யத்துல நிக்கறப்ப நாம எத்தனை மாடி ஏறியிருக்கோம்?”

“ஏறவே இல்லையே.”

“அதேதான். இந்தக் கிண்ணத்துல இப்ப என்ன இருக்கு?”

“ஒண்ணுமே இல்ல.”

“அப்ப இது எது?”

வெகு நேரம் கிண்ணத்துக்குள் பார்த்தாள். “பூஜ்யம்?”

நான் ஒரு பொத்தானைப் போட்டேன். டிங் என்றது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் அவர் காலை மிதித்தேன். அவளே சொன்னாள், “ஒரு மாடி ஏறிடுச்சு.”

இன்னொன்று. டிங். “ரெண்டு.” கிண்ணத்தைக் கவிழ்த்தாள். வெறும் கிண்ணம். மறுபடி முதலிலிருந்து.

“அப்போ காலியா இருக்கறப்பவே பூஜ்யம் சொல்லிடணும். போட்டதுக்கு அப்புறம் சொல்லக் கூடாது” என்றாள் கடைசியில். சட்டம் போட்டுவிட்டாள். அப்பா சொன்னதும் தப்பில்லை, நான் சொன்னதும் தப்பில்லை. எங்கே சொல்வது என்பதுதான் விஷயம். என் மூளைக்கு எட்டியிருக்காது இது.

ஏப்ரல் 6, ஞாயிறு

இரண்டு நாள் சரியாக வந்தது. நேற்று மறுபடி ஒன்று குறைந்தது. இன்று காலை முட்டை எண்ணும்போது சரி, மாலையில் செருப்பு எண்ணும்போது தப்பு. நான் குரலை உயர்த்தவில்லை. “காலியா இருந்தப்ப என்ன சொன்னே?” என்று மட்டும் கேட்கிறேன். “அச்சச்சோ” என்று தலையில் தட்டிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

இப்போது வாய்விட்டு எண்ணுகிறாள். வீட்டில் தொந்தரவுபட ஆள் யாரும் இல்லை என்று அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

ஏப்ரல் 9, புதன்

சாப்பாட்டு மேஜையின் முன் நின்று, வெறும் மேஜையைப் பார்த்து “பூஜ்யம்” என்றாள். பிறகு தட்டு வைத்தாள். மூன்று தட்டு, மூன்று ஸ்பூன், மூன்று டம்ளர். அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தேன். கண் கலங்கியதை ஆவி என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

எது அதிகம், எது குறைவு என்று ஆரம்பித்திருக்கிறோம். பொத்தான் வரிசைக்கு எதிரே பொத்தான் வரிசை. ஜோடி கிடைக்காத பொத்தானைப் பார்த்து, “இது மட்டும் தனியா நிக்குது, அப்ப இந்தப் பக்கம்தான் ஜாஸ்தி” என்கிறாள். கடையில் தக்காளி எடுக்கும்போதும், படி ஏறும்போதும், துணி மடிக்கும்போதும் இதே பேச்சு. பாடம் என்று தனியாக ஒன்று இப்போது இல்லை.

ஆனால் ஒன்று எழுத வேண்டும். இன்று விளையாட்டில் நான் வேண்டுமென்றே இரண்டு பொத்தானை என் பக்கம் தள்ளிக்கொண்டேன். பார்த்துவிட்டாள். கண்ணில் தெரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை. விட்டுக்கொடுத்துவிட்டாள், பெரிய மனுஷி மாதிரி. அவள் அப்பா அதைச் செய்திருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும்.

எண்ணிக்கையில் நான் இருக்கிறேன். அது போதும் என்று இருந்துவிட வேண்டியதுதானே? போதவில்லையே. என்ன பேராசை பிடித்தவள் நான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

காய்ச்சல் எனக்கு. இன்ஸ்பெக்டர் கதவருகே நின்று, “மாத்திரை சாப்பிட்டீங்களா?” என்று விசாரித்துவிட்டுப் போனாள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவர்கள் கேட்பது மாதிரியே.

ஏப்ரல் 29, செவ்வாய்

டீச்சர் பார்த்தார். மேஜையைத் துடைத்துவிட்டு கிரேயான் டப்பாவைத் திறக்கும் முன்பே, “பூஜ்யம்” என்றாள் இவள். டீச்சர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். பொறுங்கள் என்று கையைக் காட்டினேன். ஒன்பது வைத்தார். “ஒன்பது.” ஏழு எடுத்துக் கொடு என்றார். ஏழு கொடுத்தாள். இரண்டு கையிலும் சிலதை மறைத்து வைத்துக்கொண்டு, திறந்து காட்டி, எது அதிகம் என்றார். அதற்கும் தட்டுத் தடுமாறிச் சொல்லிவிட்டாள்.

விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு கிரேயான்களை டப்பாவில் போட்டார். “விடை தப்புன்னு மட்டும்தான் நான் பார்த்தேன். எப்படி எண்ணுறாள்னு ஒருநாளும் காது குடுத்துக் கேக்கல” என்றார். நானும்தானே கேட்கவில்லை. லிஃப்டில் ஏறியிராவிட்டால் இன்னும் கத்திக்கொண்டுதான் இருப்பேன்.

ஒன்றாம் வகுப்புக்குப் போகலாம். அவள் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னோம், ஃபோனிலேயே விசில் அடித்தார். வேலை நேரத்தில் சத்தம் போடக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் கண்டித்தாள்.

மே 4, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை ஒரு எழுத்து விடாமல் எழுதி வைக்க வேண்டும்.

அவர் ஒரு அழைப்புக்குப் போயிருந்தார். மாலை டீ நேரம். டப்பாவில் ஏழு பிஸ்கட் இருந்தது. பங்கு போடும் வேலையை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தேன். எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று தட்டில் வைத்துக்கொண்டே போனாள். ஆளுக்கு மூன்று. ஒன்று மிஞ்சியது. அதை நடுவில் வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து சீனியர் ஃபோன் செய்தார். நாளைக்கு யார் முதல் ஷிஃப்ட் என்று பேச்சு. பேச்சு சுவாரஸ்யத்தில் என் கை தானாக நீண்டிருக்கிறது. நடுவில் இருந்த பிஸ்கட்டை எடுத்து உடைத்து, பாதியை வாயில் போட்டுவிட்டேன். சத்தியமாக இந்த முறை வேண்டுமென்று செய்யவில்லை.

“அது யாரோடது?”

“ம்?” என்றேன், ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டே.

“அதை இன்னும் பங்கே போடல! உனக்கு மூணு இருக்கு, எனக்கு மூணு இருக்கு. அதை எடுத்தா உனக்கு நாலு!” முகம் சிவந்துவிட்டது. எழுந்து நின்றுவிட்டாள். “நீ ஏமாத்துற! நீ எப்பவும் ஏமாத்துற! அன்னைக்குப் பொத்தான்லயும் ஏமாத்தின, நான் பாத்தேன்! போ, உன்கூட நான் பேசவே மாட்டேன்!”

தன் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் ஓடினாள். கதவு சாத்திய வேகத்தில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

“என்னடி அங்க சத்தம்?” என்றார் சீனியர்.

“சண்டை” என்றேன். “எனக்கும் என் பொண்ணுக்கும்.” அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே எழுந்தேன். “அப்புறம் பேசறேங்க. உங்களுக்கு ஒரு விருந்து பாக்கி இருக்கு” என்று வைத்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

கதவைத் தட்டினேன்.

“வராத!”

வாசலிலேயே தரையில் உட்கார்ந்தேன். மீதிப் பாதியை ஒரு சுத்தமான தாளில் வைத்து, கதவுக்கு அடியில் தள்ளினேன். கொஞ்ச நேரம் தாள் அப்படியே இருந்தது. பிறகு மெல்ல உள்ளே போயிற்று.

“இது பாதிதான் இருக்கு” என்று உள்ளேயிருந்து குரல். “இன்னொரு பாதி எங்க?”

“அதைச் சாப்பிட்டுட்டேனே.”

“அப்ப உன் மூணுல இருந்து குடு.”

“அதுல இருந்து குடுத்தா எனக்குக் குறையுமே?”

உள்ளே சத்தமே இல்லை. கணக்குப் போடுகிறாள். நான் சுவரில் சாய்ந்துகொண்டு காத்திருந்தேன்.

“குறையட்டும்” என்றாள்.

என் பங்கிலிருந்து ஒன்றை எடுத்து, பாதியாகக்கூட உடைக்கவில்லை, முழுசாகவே தாளில் வைத்தேன். அதற்குள் கதவு ஒரு விரல் அளவு திறந்து, உள்ளங்கையை விரித்தபடி ஒரு கை வெளியே வந்தது.